கங்காணி போனார், காண்ட்ராக்டர் வந்தார்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காதவன் நான். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை.

சில மாதங்களாக என் பழைய மாணவர்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். "சார், நான் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியில். ஆனால் சம்பளம் போடுவது ஏஜென்சி. இப்போது கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. போகலாமா?" ஒருத்திக்கு ஏஜென்சி 'ரிலீவிங் லெட்டர் தர மாட்டோம்' என்று சொல்லிவிட்டதாம். இன்னொருவனுக்கு, அந்த வாய்ப்பு வரவே இல்லை, எட்டு வருடமாகக் காத்திருக்கிறான்.

எனக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, கார்ப்பரேட்டும் தெரியாது. எனக்குத் தெரிந்தது வரலாறு. ஆனால் இந்தக் கேள்வி புதியதல்ல. வேலை செய்பவனுக்கும் வேலை வாங்குபவனுக்கும் நடுவில் ஒருவன் நிற்பதும், அவனைத் தாண்டிப் போக நம் மக்கள் பட்ட பாடும் நூற்றைம்பது வருடத்துக் கதை. அதில் நம் முன்னோர் பலர் இருக்கிறார்கள்.

முதலில் கங்காணியைப் பார்ப்போம்.

கண்காணிப்பவர் கங்காணி. இலங்கை மலையகத்தில் காப்பித் தோட்டங்கள் பெருகிய 1830, 40களிலேயே தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போகத் தொடங்கினார்கள். 1869இல் காப்பி இலையில் துரு நோய் விழுந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பயிரே அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் ஆள் வந்தால் போதும். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். நிரந்தரமாக ஆள் வேண்டும் என்றதும் ஆள் பிடித்துத் தருபவரின் மதிப்பு ஏறிவிட்டது.

தோட்டத்துத் துரைக்குத் தமிழ்நாட்டில் ஒரு கிராமமும் தெரியாது. கங்காணிக்குத் தெரியும். அவர் அந்த ஊர்க்காரர், பல நேரம் சொந்தக்காரர். தோட்டத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கமெல்லாம் வருவார். பஞ்சத்தில் கிடப்பவனின் பழைய கடனை அடைப்பார், வழிச்செலவு கொடுப்பார், கூட்டிக்கொண்டு போவார். அங்கே போய்ச் சேரும்போதே அந்த ஆள் கடன்காரன். கடன் தோட்டத்துக்கு அல்ல, கங்காணிக்கு.

பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொருவர் கீழும் ஒரு கூட்டம். காலையில் பெரட்டுக்களத்தில் எத்தனை தலை வந்து நிற்கிறதோ, ஒரு தலைக்கு இத்தனை காசு என்று கங்காணிக்குத் தனியாக வரும். இதைப் பென்ஸ் காசு என்பார்கள். நாள் முழுக்க முதுகில் கூடை சுமப்பது ஒருவர். அவர் வந்து நின்றதற்காகக் காசு வாங்குவது இன்னொருவர். இன்று ஏஜென்சிக்குக் கம்பெனி தலைக்கு இத்தனை ரூபாய் என்று மாதாமாதம் கொடுக்கிறதே, அதன் தாத்தா இந்தப் பென்ஸ் காசு.

இப்போது கவனியுங்கள், இதுதான் முக்கியமான இடம். அதற்குப் பெயர் 'துண்டு'.

ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இருக்கும் தோட்டத்துத் துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். 'இந்தக் கங்காணியும் இத்தனை ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபாய் பாக்கி. அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன்' என்பது அதன் சாரம். துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். ஆள் பற்றாக்குறையில் இருக்கும் துரை அந்தத் தொகையைக் கட்டி, மேலே கொஞ்சம் முன்பணமும் கொடுத்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். மேலே கொடுத்தது பெரும்பாலும் கங்காணியின் மடியில் போகும். கடன் மட்டும் கூட்டத்தின் தலையில் ஏறும். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் கடன் வளரும். வாங்காத பணத்துக்குக் கடன்காரனாக ஒரு மனிதன் இருப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் துண்டைப் படிக்க வேண்டும்.

தனி ஆளாக ஒருவர் 'நான் போகிறேன்' என்று கிளம்ப முடியுமா? 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம். சிறைக்கே அனுப்பலாம். சட்டமும் கடனும் சேர்ந்து பிடித்துக்கொண்டால் காலுக்கு விலங்கு தேவையில்லை.

என் அப்பத்தாவின் அண்ணன் ஒருவர் அப்படிப் போனவர். அவரிடமிருந்து வந்த கடிதங்களை அப்பத்தா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எனக்குப் படிக்கத் தெரிந்ததும் என்னைத்தான் படிக்கச் சொல்வார். கடிதங்களில் தோட்டத்தின் பெயர் மாறும், கங்காணியின் பெயர் மாறாது. சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. துண்டைப் பற்றிப் படித்த பிறகுதான், அவர் இடம் மாறவில்லை, அவரை இடம் மாற்றினார்கள் என்பது விளங்கியது.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கங்காணியை வெறும் வில்லனாக வரைந்தால் வரலாறு தப்பாகிவிடும். லயத்தில் ஒரு பெண் பிரசவ வலியில் கிடந்தால் துரைக்குச் சொல்பவர் அவர்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பணம் கொடுப்பவர் அவர்தான். துரைக்குத் தொழிலாளி ஒரு எண். பெயர், குடும்பம், ஊர் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் கங்காணி. சுரண்டியவரும் அவர், துணை நின்றவரும் அவர். நடுவில் நிற்பவனை நீக்கும்போது அவன் செய்த நல்ல காரியத்தை யார் செய்வது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

1921இல் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் வந்து, ஆள் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. 1927இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1939இல் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் போவதையே இந்திய அரசு தடை செய்தது. அதே 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகி, மறு ஆண்டு அதன் தொழிற்சங்கமும் வந்தது. தேதிகளை அடுக்கிப் பாருங்கள். கங்காணியின் பிடி தளர்ந்த இடத்தில் சங்கம் வந்து உட்கார்ந்தது. துரையிடம் பேசக் கங்காணிக்குப் பதில் தொழிலாளியே தேர்ந்தெடுத்த ஒருவர் கிடைத்தார். நேரடி வேலை என்பது நேராகப் பேசும் உரிமையும் சேர்ந்தால்தான் முழுமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி பம்பாய்க்குப் போவோம்.

நம் ஆலைகளில் கங்காணிக்கு மேஸ்திரி என்றும் ஜாபர் என்றும் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு அவர் காண்ட்ராக்டர் ஆனார். 1950களில் பம்பாயில் ஸ்டாண்டர்ட் வாக்குவம் என்ற எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. அங்கே துப்புரவுப் பணியை ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தார்கள். அவர்கீழ் 67 பேர். அதே ஆலையில்தான் தினமும் வேலை. ஆனால் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த சம்பளம், சேம நிதி, பணிக்கொடை, போனஸ் எதுவும் அவர்களுக்குக் கிடையாது.

வழக்குப் போட்டது யார் தெரியுமா? அந்த 67 பேர் அல்ல. ஆலையில் நேரடி வேலையில் இருந்த தொழிலாளர்கள். 'எங்களோடு இதே ஆலையில் வேலை செய்பவர்களை வெளியாள் என்று சொல்லாதே, நீயே நேரடியாக எடு' என்று தங்களுக்கு ஒரு பைசா லாபமில்லாத கோரிக்கையை அவர்கள் எழுப்பினார்கள். 'இவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம்' என்று கம்பெனி வாதாடியது. சம்பந்தம் உண்டு என்றது தீர்ப்பாயம். 1958 நவம்பர் முதல் காண்ட்ராக்டை நிறுத்தச் சொன்னது, புதிதாக ஆள் எடுக்கும்போது காண்ட்ராக்டரிடம் இருந்தவர்களுக்கே முன்னுரிமை தரச் சொன்னது. 1960இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நிறுத்துவேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். உள்ளே இருப்பவன் வெளியே நிற்பவனுக்காகப் பேசியதால்தான் கதவு திறந்தது.

அந்தத் தீர்ப்பு சில அளவுகோல்களை வைத்தது. வேலை நிரந்தரமானதா? தினமும் தேவைப்படுகிறதா? ஆலையின் தொழிலோடு ஒட்டியதா? முழுநேர ஆட்கள் போடும் அளவுக்கு இருக்கிறதா? மற்ற இடங்களில் நேரடி ஊழியர்தான் செய்கிறார்களா? இந்த அளவுகோல்களே 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவில் போய் உட்கார்ந்தன. 20 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குச் சட்டம் பொருந்தியது. காண்ட்ராக்டர் உரிமம் வாங்க வேண்டும். அவர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது உங்கள் பாஷையில் கிளையன்ட், கொடுக்க வேண்டும். தேவைப்படும் இடங்களில் காண்ட்ராக்ட் முறையையே அரசு தடை செய்யலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

1978இல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கு. 'இவர்கள் என் ஆட்கள் அல்ல, காண்ட்ராக்டரின் ஆட்கள்' என்றார் ஆலைக்காரர். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் திரையை விலக்கிப் பார்த்தார். மூலப்பொருள் ஆலையுடையது, இடம் ஆலையுடையது, பொருளும் ஆலைக்கே போகிறது. அப்புறம் தொழிலாளி மட்டும் எப்படி வேறு ஆளுடையவனாவான்? காகிதத்தைப் பார்க்காதே, யாருடைய கட்டுப்பாட்டில் பிழைப்பு நடக்கிறது என்று பார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சென்னை இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ஊழியர் கேன்டீன் தொழிலாளர்களையும் வங்கியின் ஊழியர்களாகவே 2000இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது கசப்பான பகுதி.

1976 டிசம்பர் 9இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், துடைத்தல், காவல் போன்ற வேலைகளுக்குக் காண்ட்ராக்ட் ஆட்கள் கூடாது என்றது. சரி, தடை வந்துவிட்டது. காண்ட்ராக்டர் போய்விட்டார். அவரிடம் இருந்த தொழிலாளி என்ன ஆவான்? சட்டத்தில் அதற்குப் பதிலே எழுதப்படவில்லை! 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், 'முறை ஒழிந்தால் அந்தத் தொழிலாளி தானாகவே நேரடி ஊழியர் ஆவார்' என்றது. நாடெங்கும் ஆயிரமாயிரம் பேர் நம்பிக்கையோடு நிமிர்ந்தார்கள். 2001 ஆகஸ்ட் 30இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தானாக வேலை கிடைக்காது. 1976 அறிவிக்கையும் செல்லாது. காண்ட்ராக்ட் வெறும் போலி என்று நிரூபித்தால் மட்டும் நேரடி ஊழியர். உண்மையான காண்ட்ராக்ட் தடை செய்யப்பட்டு, கம்பெனி நிரந்தர ஆள் எடுத்தால், பழைய ஆட்களுக்கு முன்னுரிமை, வயதிலும் படிப்பிலும் தளர்வு. அவ்வளவுதான்.

என் சித்தப்பா மகன் ஒருவன் ஒரு பெரிய அலுவலகத்தில் பதினொரு வருடம் துப்புரவு வேலை பார்த்தான். பெயர் வேண்டாம். அந்தப் பதினொரு வருடத்தில் காண்ட்ராக்டர் மூன்று முறை மாறினார். சட்டையின் நிறம் மாறியது, முதுகில் எழுதியிருந்த பெயர் மாறியது. துடைத்த தரை மாறவில்லை. ஒவ்வொரு முறையும் அவனுடைய சர்வீஸ் ஒன்றிலிருந்து ஆரம்பம். 2001 தீர்ப்பு வந்த வாரம் என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, நாங்க யாரோட ஆளுங்கன்னு கோர்ட்டு சொல்லிடுச்சா?" என்றான். நான் தீர்ப்பைப் பற்றிப் பேப்பரில் வந்ததை விளக்கினேன். போலி என்று நிரூபித்தால் உண்டு என்றேன். "நிரூபிக்கிறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு, இந்தச் சட்டைதான் இருக்கு" என்றான். அதற்கு மேல் நாங்கள் இருவரும் பேசவில்லை. அவன் கடைசிவரை நேரடி ஊழியன் ஆகவில்லை.

அவனிடம் ஒரு காகிதம்கூட இல்லை. அதனால்தான் இனி வரும் வரிகளை உங்களுக்காக எழுதுகிறேன்.

பிள்ளைகளே, நேரடி வேலை கிடைத்தால் போங்கள். வரலாற்றில் நடுவில் நிற்பவர் இருந்ததால் தொழிலாளியின் நிலை உயர்ந்தது என்று காட்டுவது கஷ்டம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள்.

முதலாவது, துண்டு இன்றும் இருக்கிறது. பெயர்தான் ரிலீவிங் லெட்டர். 'எங்கள் கிளையன்டிடம் நீ சேரக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகும் ஒருவரின் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது. ஆனால் நோட்டீஸ் காலத்தை முறையாக முடித்துக் கொடுப்பது உங்கள் கடமை. பயிற்சிச் செலவுக்கு பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அது தனி விஷயம், அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் இடையே ஆள் எடுப்பதற்குக் கட்டணம் பேசியிருப்பார்கள். அது அவர்கள் இருவர் கணக்கு. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க விடாதீர்கள். வாங்காத பணத்துக்குக் கடன்காரராக இருந்த காலம் 1921இல் முடிந்துவிட்டது.

இரண்டாவது, சர்வீஸ். 1972ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கொடைக்கு ஐந்து வருடத் தொடர்ச்சி கேட்டது. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்னிடம் கேட்ட மாணவிக்கு நான்கு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. "அம்மா, கம்பெனியிடம் சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளிக் கேள்" என்றேன். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். 2019இலும் 2020இலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்துவிட்டன. குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படுபவர்களுக்குப் பணிக்கொடை விதி அதில் வேறு. ஆகவே கையெழுத்திடும் முன் உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் உங்களோடு வருபவை. புதிய எண் போட விடாதீர்கள். பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஏஜென்சி மாதாமாதம் உண்மையிலேயே பணம் கட்டியதா என்று பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

நான்காவது, 'நேரடி' என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள். நியமன உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு வருட ஒப்பந்தமா, நிரந்தரமா, தகுதிகாண் காலம் எவ்வளவு? சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவு எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் வையுங்கள். சட்டையை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது.

கடைசியாக ஒன்று. நேரடி வேலைக்குப் போன பிறகு, அதே மாடியில் அதே நாற்காலியில் இன்னும் ஏஜென்சி பெயரில் உட்கார்ந்திருக்கும் பையனை மறந்துவிடாதீர்கள். அவனுடைய அட்டையின் கயிறு வேறு நிறமாக இருக்கும். தீபாவளிக்கு உங்களுக்கு வரும் டப்பா அவனுக்கு வராது. பம்பாய் ஆலையில் உள்ளே இருந்தவர்கள் வெளியே நின்ற 67 பேருக்காகக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது பத்தாண்டு கழித்துச் சட்டமானது. நீங்கள் சட்டம் கொண்டுவர வேண்டாம். அவன் பெயரைச் சொல்லி, 'இவரையும் எடுத்துக்கொள்ளலாமே' என்று ஒரு மீட்டிங்கில் ஒரு தடவை சொல்லுங்கள்.

வீட்டில் பழைய தோட்டத்துக் கடிதங்கள், துண்டு, டின் டிக்கெட், சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் படமெடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்